பெயிண்ட் ஃபினிஷ் தப்பானால் சுவரில் என்ன தெரியும், எப்படிச் சரிசெய்வது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பெயிண்ட் அடித்து ஆறேழு மாதம் கழித்து வருகிற புகார்களில் கலரைப் பற்றிய புகார் குறைவு. "தொடச்ச எடம் மட்டும் மினுங்குது", "சாயங்காலமானா செவுரு அலையடிக்குது", "பாத்ரூம் மேல கருப்புப் புள்ளியா வருது" என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். கலர் கார்டை வைத்துக்கொண்டு வீடே கூடி நாள்கணக்கில் பேசியிருப்பார்கள். மேட்டா, ஷீனா, கிளாஸா, அதாவது பூச்சு எவ்வளவு பளபளக்க வேண்டும் என்ற ஃபினிஷ் கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆசாரத்துக்கு (ஹாலுக்கு) எது வந்ததோ அதே டப்பா அடுப்படிக்கும் குளியலறைக்கும் போயிருக்கும்.

ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே வகைக் குறைகளைச் சரிசெய்ததில் கிடைத்தவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சுவரில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் காரணத்தைப் பார்க்காமல் கடைசிச் செலவுக்குப் போன வீடுகள்தான் அதிகம்.

பளபளப்பு ஏறுகிற வரிசை இது: மேட், இளம் ஷீன், சாட்டின், செமி கிளாஸ், ஃபுல் கிளாஸ். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும் என்பதால் பெயரை நம்பாமல், ஒரு சின்ன டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். கடையில் காட்டுகிற அச்சிட்ட கார்டில் பளபளப்பு சரியாகத் தெரியாது.

எந்தத் தலைப்புக்குப் போகும் முன்பும் மூன்று சோதனை

ஈரத்துணி: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, மறைவான ஓரிடத்தில் நன்றாகத் தேயுங்கள். துணியில் கலர் ஏறினால் சுவரில் இருப்பது டிஸ்டம்பர் (விலை குறைந்த மாவுப் பூச்சு), இல்லையென்றால் சுண்ணாம்பு, அதுவும் இல்லையென்றால் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்த எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட்). மூன்றில் எதுவானாலும் அதன் மேல் எந்த ஃபினிஷும் நிற்காது.

சானிடைசர்: ஆல்கஹால் கலந்த கை சானிடைசரைப் பஞ்சில் தொட்டு அரை நிமிடம் தேயுங்கள். பெயிண்ட் இளகிப் பஞ்சில் ஒட்டினால் எமல்ஷன். ஒன்றுமே ஆகாவிட்டால் ஆயில் எனாமல். எனாமல் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் நகத்தால் உரித்து எடுத்துவிடலாம். உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிக்கோட்) அடித்த பிறகுதான் மேல் கோட்.

டார்ச்: இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விடுங்கள். மேடு, பள்ளம், பட்டி (சுவரை மட்டமாக்க வைக்கிற மாவு) வைத்த தகடு இழுத்த கோடு எல்லாம் தெரியும். இதில் மோசமாகத் தெரிகிற சுவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் சாட்டினுக்கு மேல் போகாதீர்கள்.

அறிகுறி: துடைத்த இடம் மட்டும் மினுங்குகிறது

நேராக நின்று பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் துணி போன தடம் அப்படியே தெரியும். அடர் நீலம், கரும்பச்சை, சாம்பல் மாதிரிக் கலர்களில் மேட் அடித்த ஆசாரத்திலும் படுக்கையறையிலும் அதிகம் பார்க்கலாம்.

முதலில், சோப்புப் படலம்தானா என்று பாருங்கள். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, காயவிட்டுப் பாருங்கள். மினுக்கம் போய்விட்டால் வேலை முடிந்தது.

போகாவிட்டால் மேட்டின் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் தொட்டு வைத்தாலும் பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருமிடம் தெரியும். அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை ஒரு கோட் அடியுங்கள். மற்ற மூன்று சுவரைத் தொட வேண்டியதில்லை.

எந்த ஃபினிஷில் அடிப்பது என்பது அந்தச் சுவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒட்டடை அடிப்பதோடு சரி என்றால் மறுபடியும் மேட்டே போடலாம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் கொட்டகையை ஒட்டிய வீடுகளில் அது நடக்காது. பஞ்சுத் தூசி மேட் சுவரிலும் டெக்ஸ்சர் சுவரிலும் பிடித்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறை துடைத்தாக வேண்டும். அந்த வீடுகளுக்கு இளம் ஷீன்தான். அடர் கலரும் வேண்டும், பளபளப்பும் வேண்டாம் என்றால் கழுவத் தக்க மேட் எமல்ஷன் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் ஒரே ஒரு சுவருக்குத்தான் அடர் கலர் என்றால் கொடுக்கலாம்.

அறிகுறி: தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, சுவிட்சு ஓரத்தில் கைக்கறை

பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் இப்போதைக்கு எதையும் தேய்க்காதீர்கள். எமல்ஷன் தொட்டுப் பார்க்கச் சில மணி நேரத்தில் காய்ந்தாலும், துடைக்கிற அளவுக்கு இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் தேய்த்தால் நல்ல ஷீன் பூச்சும் கெட்டுப்போகும்.

ஒரு மாதம் தாண்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, பஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழும்.

கறை மங்கி, சில வாரத்தில் திரும்ப வந்தால் எண்ணெய் பூச்சுக்குள் இறங்கிவிட்டது. காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் கட்டிலை ஒட்டிய சுவரில் தலையளவுக்கு வட்டமாக ஒரு கறை. வீட்டுப் பெரியவர் மத்தியானத்தில் செக்கு எண்ணெய் தடவிய தலையைச் சாய்த்துக்கொண்டு பேப்பர் படிக்கிற இடம். அதன் மேலேயே மேட் எமல்ஷனைத் திரும்பத் திரும்ப அடித்திருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வட்டத்துக்குள் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் குழியாக விலகி நின்றது. மேல் கோட்டைக் கூட்டுவதால் இது தீராது. சோப்பால் எண்ணெயைக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, கறை தடுக்கிற ஆயில் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் சாட்டின் இரண்டு கோட். அதற்கப்புறம் அந்தச் சுவரில் எண்ணெய் பட்டாலும் மேலோடு நின்றுவிடுகிறது, துணியால் எடுத்துவிடலாம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற அறைக்கும், மாடிப்படி ஓரச் சுவருக்கும், நடைக்கும் ஆரம்பத்திலேயே சாட்டின் போடுங்கள். பளபளப்பு பிடிக்காதவர்கள் கீழே நான்கடிக்குச் சாட்டினும் மேலே மேட்டும் வைத்து நடுவில் ஒரு பட்டை விடலாம்.

மஞ்சள் கறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. சோப்புத் தண்ணீர் பட்டதும் அது சிவப்பாக மாறும். பெயிண்ட் கெட்டுவிட்டது என்று பதறி இன்னும் அழுத்தித் தேய்க்காதீர்கள். மஞ்சளுக்குச் சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் அந்தக் குணம் உண்டு. வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு விடுங்கள், வெயில் படுகிற சுவரென்றால் நாள்பட மங்கிவிடும். வெயில் படாத சுவரென்றால் ஆயில் பிரைமர்தான் வழி.

அறிகுறி: பகலில் நன்றாக இருக்கிற சுவர், பொழுது இறங்கினால் அலை அலையாகத் தெரிகிறது

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் மனம் நோகிறார்கள், ஏனென்றால் பணத்தைக் கொட்டி உயர்ந்த ரகப் பெயிண்ட் வாங்கிய வீட்டில்தான் இது வரும். சித்தோடு பக்கம் புதுவீடு கட்டிய ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேற்குப் பார்த்த பெரிய சன்னல், அதை ஒட்டிய நீளச் சுவரில் நல்ல விலைக்கு வாங்கிய ஹை கிளாஸ் ஃபினிஷ். ஐந்தரை மணி வெயில் சுவரோடு ஒட்டி விழுந்தபோது கரணை போன தடம் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. பட்டி வைத்த இடமும் வைக்காத இடமும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி இருந்தது. "ஏனுங்க தம்பி, இருக்கறதுலயே ஒசந்த பெயிண்ட்டுன்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க, அப்புறம் ஏன் இப்படித் தெரியுதுங்க?" என்று கேட்டார். பெயிண்ட் உயர்ந்ததுதான். ஆனால் பளபளப்பு ஏற ஏறச் சுவரின் குறை எல்லாம் வெளியே வரும். பெயிண்ட் கடையில் இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை:

முதலில் விளக்கு. புதிதாகச் சுவரோரம் எல்இடி பட்டையோ, சுவரை ஒட்டி மேலிருந்து கீழே வெளிச்சம் விடுகிற ஸ்பாட் லைட்டோ போட்டிருக்கிறீர்களா? அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அலை மறைந்தால் விளக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் போதும். வெயில்தான் காரணம் என்றால் ஒரு திரைச்சீலை போட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

இரண்டாவது, ஃபினிஷ். டார்ச் சோதனையில் அலை லேசாகத்தான் தெரிகிறது என்றால் சுவரைத் தொட வேண்டாம், பளபளப்பை மட்டும் இறக்குங்கள். 220 நம்பர் உப்புத்தாளால் மேல் பூச்சின் மினுக்கம் போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, மேட் இரண்டு கோட். சித்தோட்டில் இதைத்தான் செய்தோம். கலர் அதேதான், ஃபினிஷ் மட்டும் மாறியது. சாயங்காலம் பார்த்தால் அலை இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, பட்டி. விரலால் தடவினாலே மேடு தட்டுப்படுகிறது என்றால் அந்த இடங்களைத் தேய்த்து, மெல்லிசாகப் பட்டி பார்த்து, மறுபடி பிரைமர் அடிக்க வேண்டும். வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளத்தை நிரப்புகிறேன் என்று ஒரே இழுப்பில் கனமாக வைத்தால் வெடித்து உதிரும்.

நான்காவது, பூச்சு வேலையே கோணல். ஆறடி அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் அது பெயிண்டர் வேலை இல்லை. கொத்தனாரையோ ஜிப்சம் பூச்சு போடுகிறவரையோ கூப்பிட வேண்டிய இடம் இது. அந்தச் செலவுக்கு மனமில்லை என்றால் மேட்டும் வெளிர் கலரும் போட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மேல்தளத்துக்கு எந்த அறையிலும் மேட்தான். ரோலர் தடம், சென்ட்ரிங் பலகைத் தடம் எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். குளியலறை மேல்தளம் மட்டும் விலக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: ஒரே கலர், ஆனால் திட்டுத் திட்டாகத் தெரிகிறது

காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். மார்கழிக் குளிரில் ஷீன் பூச்சு மெதுவாகக் காயும், பாதி காய்ந்த சுவர் திட்டாகத்தான் இருக்கும். இரண்டு நாள் விடுங்கள்.

அப்புறமும் இருந்தால், திட்டு எங்கே என்று கவனியுங்கள். ஆணி அடித்த ஓட்டை, ஒயரிங் வெட்டிய இடம், பட்டி வைத்த இடம் என்றால் அங்கே பிரைமர் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிரைமர் இல்லாத பட்டி பெயிண்டைக் குடித்துவிடும், அந்த இடம் மட்டும் மங்கும். பிரைமர் வைத்துச் சுவர் முழுக்க ஒரு கோட். மூலைகளில் பிரஷ், நடுவில் ரோலர் என்று பட்டை மாதிரி வித்தியாசம் தெரிந்தால், மூலையில் அடித்தது காயும் முன் ரோலர் போகவில்லை. திட்டுக்கு ஓரம் கத்தரித்த மாதிரி நேர்க்கோடாக இருந்தால் இரண்டு டப்பா இரண்டு பேட்ச். இனி அடிக்கும்போது டப்பாக்களை ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேய்ந்து மினுங்காத மேட் சுவரில் தொட்டு வைத்துச் சரிசெய்யலாம். ஷீனுக்கு மேலே போனால் முடியாது, முழுச் சுவர்தான். மிச்சப் பெயிண்டைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, அறையின் பெயரும் டப்பா மூடியில் ஒட்டியிருக்கிற கலர் எண்ணும் எழுதி வையுங்கள்.

அறிகுறி: அடுப்படிச் சுவர் பிசுபிசுக்கிறது, துடைத்தால் கலர் வருகிறது

ஈரத்துணிச் சோதனையில் கலர் வந்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் டிஸ்டம்பர். அடுப்படிக்கு டிஸ்டம்பர் வைத்து மிச்சம் பிடிக்கிற பணம் இரண்டு வருடத்தில் திரும்பப் போய்விடும். சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, சாட்டின் அல்லது செமி கிளாஸ் போடுங்கள். தாளிக்கிற அடுப்புக்கு நேர் பின்னால் எந்தப் பெயிண்டும் வேண்டாம், மேடையிலிருந்து குறைந்தது இரண்டடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுங்கள்.

கலர் வரவில்லை, பிசுக்கு மட்டும்தான் என்றால் சுவர் நல்ல சுவர். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையையும் கழுவுங்கள், அதில் எண்ணெய் அப்பி இழுக்காமல் போனால் பிசுக்கு எல்லாம் சுவருக்குத்தான் வரும்.

பழைய விறகடுப்பு அடுப்படியை மாற்றுகிற வீடுகளில் இன்னொன்று நடக்கும். எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் காப்பிக் கலரில் கறை மேலே வரும். புகைக் கறை எமல்ஷனில் இருக்கிற தண்ணீரில் கரைந்து மேலே ஏறுகிறது. இங்கும் ஆயில் பிரைமர் ஒன்றே வழி. கரியைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு அதை அடிக்க வேண்டும்.

அடுப்படிக்கு வெள்ளை ஆயில் எனாமல் அடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. துடைக்கச் சுலபம்தான், ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளடித்துவிடும். பூசி ஒரு மாதம்கூட ஆகாத சிமெண்ட் சுவரில் அடித்தால் சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கி, பூச்சு பிசின் மாதிரி இளகும். தண்ணீர் கலந்து அடிக்கிற செமி கிளாஸ் எமல்ஷன் இருக்கும்போது எனாமலுக்கு அங்கே வேலையில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: குளியலறையில் கருப்புப் புள்ளி, மேல்தளத்தில் உரிதல்

சன்னல் கண்ணாடிப் பட்டைகள் மூடியே கிடக்கிறதா? குளித்த பிறகு கதவைச் சாத்தி வைக்கிறீர்களா? ஒரு மாதம் திறந்து வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். எந்த ஃபினிஷைவிடவும் காற்று நன்றாக வேலை செய்யும்.

புள்ளி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் அதன் மேல் பெயிண்ட் அடிப்பது வீண், பூஞ்சை அடியிலிருந்து திரும்ப முளைக்கும். பிளீச்சிங் கரைசலைப் பூசிக் கால் மணி நேரம் விட்டு, தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை கழுவுகிற ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், கிளம்புகிற குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

முழுக்கக் காய்ந்த பிறகு, பூஞ்சை எதிர்ப்பு என்று டப்பாவில் எழுதியிருக்கிற சாட்டின் அல்லது செமி கிளாஸ். மேல்தளத்துக்கும் அதேதான். நீராவி மேலே போய்த்தான் நிற்கும் என்பதால் இங்கே மட்டும் மேட்டை விட்டுவிட வேண்டும்.

புள்ளி இல்லை, பூச்சு குமிழ் விட்டு உரிகிறது, நடுவில் டீ சிந்திய மாதிரி வளையம் இருக்கிறது என்றால் மேலே கசிவு. மாடிக் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ அதற்கு நேர் மேலே இருக்கும். வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை இல்லாத வாரத்திலும் வளையம் கோட்டைத் தாண்டினால் குழாய்க் கசிவு, மழைக்கு மட்டும் வளர்ந்தால் தளக் கசிவு. முதலாவதற்குப் பிளம்பர், இரண்டாவதற்கு வாட்டர் ப்ரூஃபிங் ஆள். தளத்தின் அடியில் துருக் கறையும் காரை பெயர்ந்து கம்பியும் தெரிந்தால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வாருங்கள். ஈரம் சுவிட்சுப் பெட்டி வரை வந்திருந்தால் அந்தப் பகுதியின் மின் இணைப்பை முதலில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூக்கிறது

நம் பக்கத்துப் பெரிய வியாதி இது. போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருக்கிற ஊர்களில் கலவையிலும் அதே தண்ணீர், பூச்சை நனைப்பதற்கும் அதே தண்ணீர். ஈரம் வெளியே வரும்போது உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் விட்டுவிட்டுப் போகிறது. பெயிண்ட் பொரிந்து, தட்டினால் வெள்ளைத் தூளாகக் கொட்டும்.

இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம், "கீழ மட்டும் நல்லா கெட்டியா எனாமல் அடிச்சு உட்டுருங்க". செய்யவே கூடாத வேலை அதுதான். பளபளப்பு கூடக் கூடப் பூச்சு மூச்சு விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, மூன்றடியில் நின்ற உப்பு நாலடி ஐந்தடிக்குப் போகும். ஈரம் தீராத சுவருக்கு மேட் எமல்ஷன், அதைவிட நல்லது சுண்ணாம்பு.

காரணங்களை வெளியே போய்த் தேடுங்கள். சுவரை ஒட்டி மண் குவித்திருக்கிறதா, பூச்செடிப் பாத்தி போட்டுத் தினமும் தண்ணீர் விடுகிறீர்களா, துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் சுவரோரமாக ஓடுகிறதா, ஏசி குழாய் சொட்டுகிறதா? இதில் ஒன்றைச் சரிசெய்ததோடு தீர்ந்த வீடுகள் நிறைய. அடுத்தது, அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறையா? அப்படியென்றால் டைல்ஸ் இணைப்புகளையும் குழாய் மூட்டுகளையும் பாருங்கள்.

ஈரம் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒன்றரையடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ அந்தச் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கிற காலம் வரவில்லை.

உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்து முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். சில வாரம் கழித்து மறுபடி பூத்தால் மறுபடி தட்டுங்கள். பூப்பது நின்று, பிளாஸ்டிக் சோதனையும் சரியாக வந்த பிறகு, காரம் தாங்குகிற பிரைமரும் மேட்டும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த சுவரை மார்கழியில் சுரண்டி, பொங்கலுக்கு முந்தின காப்புக் கட்டுக்குள் பெயிண்ட் முடித்துவிட வேண்டும் என்று ஊரே அவசரப்படும். நல்ல சுவர்களுக்கு அதில் குற்றமில்லை. உப்புச் சுவரை மட்டும் அந்த அவசரத்தில் சேர்க்காதீர்கள். பொங்கலுக்கு அதன் மேல் சுண்ணாம்பு ஒரு கை அடித்துவிட்டு, மாசி பங்குனி வெயிலில் காயவிட்டு, அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம்.

வெளியே ஒரு காரணமும் இல்லை, வருடா வருடம் உள்சுவர்களிலும் ஏறுகிறது என்றால் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லை. பழைய மண் சாந்து வீடுகளில் சகஜம். சுவரில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்துவதும், கீழ்ப் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதும் தெரிந்த ஆள்களின் வேலை. ஒரு சுவரில் செய்யச் சொல்லி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மற்ற சுவர்களுக்குப் பணம் கொடுங்கள்.

அறிகுறி: பாளம் பாளமாக உரிகிறது

ஓட்டு வீட்டிலும் தோட்டத்துச் சாளையிலும் (தோட்ட வீட்டிலும்) வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் பெயிண்ட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும். பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வெள்ளையாகப் பெயர்ந்து வந்தால் அதுதான் காரணம். முழுக்கச் சுரண்ட ஆள்கூலி கட்டுமானால் சுரண்டி எமல்ஷனுக்குப் போங்கள். கட்டாது என்றால் சுண்ணாம்பையே தொடருங்கள். மண் சுவருக்கு அது குறைச்சலான பூச்சு இல்லை.

அறிகுறி: கதவு நிலையோடு ஒட்டுகிறது, கிரில்லில் தூசி படிந்த சொரசொரப்பு

கதவு, நிலை, கிரில் எல்லாவற்றுக்கும் கிளாஸ் அல்லது சாட்டின் எனாமல் சரியானது. ஒட்டுவதற்குக் காரணம், காயும் முன் சாத்திவிட்டது. இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். ஒட்டிப் பிய்ந்த இடத்தில் உப்புத்தாள் போட்டு மெல்லிய ஒரு கோட். திரும்பத் திரும்ப ஒட்டினால் பழைய கோட்டுகள் சேர்ந்து கனத்துவிட்டன, ஆசாரியை வைத்து ஓரத்தை இழைக்க வேண்டும்.

சொரசொரப்புக்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் மண்ணை வாரி இறைக்கும். எனாமல் காய ஒரு ராத்திரி பிடிக்கும், அதற்குள் தூசி ஒட்டிவிடும். அந்த இரண்டு மாதம் வெளிக் கிரில் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

பழைய கதவு, சன்னல்களைத் தேய்க்கும் முன் ஒன்று கவனியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்த் தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். வழித்த சேற்றைப் பெருக்கித் தோட்டத்தில் கொட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெயிண்ட் கனமாக ஏறி, பல சன்னல்களை மரம் தெரியும்வரை வழிக்க வேண்டியிருந்தால் அதை வீட்டு ஆட்கள் கையில் எடுக்காமல், இந்த வேலை தெரிந்த பாலிஷ் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.